பத்தாவது மாடியில் நீங்கள், தரைத்தளத்தில் உங்கள் மோட்டார்

நீங்கள் பத்தாவது மாடியில் உறங்குகிறீர்கள். உங்கள் மோட்டார் சைக்கிள் கீழே தரைத்தளத்தில் நிற்கிறது. இரண்டுக்கும் இடையே செங்குத்தாக ஏறக்குறைய 30 மீட்டர். நடுவே பத்துத் தளக் கான்கிரீட், மூடிய சன்னல், சுழலும் மின்விசிறி. தரைவீட்டுக்காரர் இரவில் மோட்டாரைக் கேட்டுக்குள் தள்ளி, வாசல் விளக்கைப் போட்டுவிட்டுப் படுத்துவிடுவார். அடுக்குமாடியில் குடியிருப்பவருக்கு அந்த வசதி இல்லை. இரவு முழுவதும் அவருக்காகக் காவல் நிற்பது ஒரு துண்டு இரும்புதான்.

செலாயாங்கில் இது பலருடைய அன்றாடக் கவலை. பாசார் போரோங்கில் வேலை செய்பவர்கள் ஊர் அடங்கியபின் வேலைக்குக் கிளம்புகிறார்கள். அந்த நேரத்தில் பஸ் கிடையாது. மோட்டார் காணாமல் போனால் அன்றைய சம்பளம் போகும். நாலு நாள் போகாவிட்டால் வேலையே போகலாம். மோட்டார் இல்லாவிட்டாலும் கடன் தவணை மட்டும் மாதந்தோறும் வந்து நிற்கும். ஆகவே பூட்டைப் பற்றி அறிவியல் என்ன சொல்கிறது என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு கேள்வி. எந்தப் பூட்டைத் திறக்கவே முடியாது?

1851இல் லண்டனில் நடந்த மாபெரும் உலகக் கண்காட்சிக்கு ஆல்ஃபிரட் சார்ல்ஸ் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டு வல்லுநர் வந்தார். கள்ளச்சாவி போட்டால் காட்டிக்கொடுக்கும் என்று பெயர் பெற்றிருந்த சப் நிறுவனப் பூட்டை 25 நிமிடத்தில் திறந்தார். அடுத்து பிரமா நிறுவனத்தின் பூட்டு. அதைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்ற அறிவிப்போடு அது அந்நிறுவனத்தின் கடைக் கண்ணாடியில் சுமார் 60 ஆண்டுகளாக இருந்து வந்தது. ஹாப்ஸ் அதையும் திறந்தார். ஆனால் அதற்கு அவருக்கு 16 நாள்களில் மொத்தம் 51 மணி நேரம் தேவைப்பட்டது.

இரண்டு பூட்டுமே திறந்தன. ஆனால் 25 நிமிடத்துக்கும் 51 மணி நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். பூட்டின் தரத்தைச் சொல்லும் அளவு அதுதான்: நேரம். இன்றும் பிரிட்டனில் சோல்ட் செக்யூர் என்ற அமைப்பு, பூட்டுகளைத் திருடனைப் போலவே தாக்கிப் பார்த்து, அவை எவ்வளவு தாங்குகின்றன என்பதை வைத்துத்தான் வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்று தரம் பிரிக்கிறது. உங்கள் மோட்டாருக்கு அருகில் வந்து நிற்பவருக்கு 51 மணி நேரம் இல்லை. யாராவது மின்தூக்கியை விட்டு இறங்கி வருவதற்கு முன் வேலையை முடிக்க வேண்டும். அவருடைய அந்தச் சில நிமிடங்களை எப்படி நீட்டுவது என்பதே நம் கணக்கு.

ஹேண்டல் பூட்டு ஏன் போதாது?

பெரும்பாலோர் ஹேண்டலை ஒரு பக்கம் திருப்பிப் பூட்டிவிட்டு மேலே ஏறிவிடுகிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது? சுண்டுவிரலைவிட மெல்லிய ஓர் உலோக முளை நீண்டு, ஹேண்டல் திரும்பாதபடி தடுக்கிறது. ஹேண்டலின் நுனி, சுழலும் மையத்திலிருந்து 35 சென்டிமீட்டர் தள்ளியும் அந்த முளை மையத்திலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளியும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நுனியில் 300 நியூட்டன் விசை கொடுத்தால், அதாவது 30 கிலோ எடையைத் தூக்கும் அளவு பலம் போட்டால், முளையின்மேல் 3,500 நியூட்டன் விசை இறங்குகிறது. காலால் ஓங்கி உதைத்தால் அது 10,000 நியூட்டனைத் தாண்டும். படிவம் இரண்டு மாணவருக்குத் தெரிந்த நெம்புகோல் தத்துவந்தான் இது. மோட்டாரே திருடனின் கையில் நீண்ட நெம்புகோலைக் கொடுத்துவிட்டு, நம் பக்கம் குட்டையான முளையை வைத்திருக்கிறது.

சாவித் துவாரத்தை மூடும் காந்தப் பூட்டு சில மோட்டார்களில் உண்டு. சாவியின் தலையிலுள்ள சிறு காந்தங்களும் உள்ளே இருக்கும் காந்தங்களும் வடக்கு–தெற்கு வரிசையில் பொருந்தினால்தான் மூடி விலகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது காப்பது சாவித் துவாரத்தை மட்டுமே. மோட்டார் தூக்கிச் செல்லப்படுவதை அது தடுக்காது.

ஒரு சாதாரண கப்சாய் ஏறக்குறைய 100 கிலோ எடை. இரண்டு பேர் தூக்கினால் ஆளுக்கு 50 கிலோ. பாசார் போரோங்கில் ஒரு மூட்டையைத் தோளில் போட்டு நடப்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். டிஸ்க் பிரேக்கில் மாட்டும் பூட்டும் இதே வகைதான். சக்கரம் உருளாது, வேன் கதவு திறந்திருந்தால் சக்கரம் உருள வேண்டிய தேவையும் இல்லை. (முன்சக்கரத்தில் டிரம் பிரேக் இருக்கும் பழைய மோட்டாருக்கு அந்தப் பூட்டு பொருந்தவே பொருந்தாது. கடையில் கேட்காமல் வாங்கிவிடாதீர்கள்.) ஆகவே மோட்டாரை அசையாத ஒன்றோடு சேர்த்துக் கட்ட வேண்டும். இங்கேதான் சங்கிலி வருகிறது.

சங்கிலியின் கணக்கு

கடையில் தொங்கும் சங்கிலிகளை வெளியே பார்த்து எடைபோடாதீர்கள். வண்ணப் பிளாஸ்டிக் உறைக்குள் என்ன இருக்கிறது என்று விலக்கிப் பாருங்கள். கட்டைவிரல் பருமனில் இருக்கும் கேபிள் பூட்டுக்குள் பெரும்பாலும் இருப்பது மெல்லிய கம்பிகளின் முறுக்கு, மீதியெல்லாம் பிளாஸ்டிக்.

இப்போது ஓர் எளிய கணக்கு. கையின் விசையை 40 மடங்கு பெருக்கும் ஒரு போல்ட் கட்டரை எடுத்துக்கொள்வோம். நின்றபடி இரண்டு கைகளாலும் 400 நியூட்டன் விசை கொடுத்தால் அதன் தாடையில் 16,000 நியூட்டன் கிடைக்கும். சாதாரண மென்னெஃகைக் கத்தரிக்க ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 300 நியூட்டன் வேண்டும். 6 மில்லிமீட்டர் கம்பியின் குறுக்குப் பரப்பு 28 சதுர மில்லிமீட்டர். அதை அறுக்க 8,500 நியூட்டன் போதும். முறுக்கு பிஸ்கட்டைப் போல உடைந்துவிடும். 10 மில்லிமீட்டர் என்றால் 23,600 நியூட்டன் தேவை. 16 மில்லிமீட்டர் என்றால் 60,000 நியூட்டனைத் தாண்டுகிறது. விட்டம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகும் என்பதால்தான் இந்தப் பாய்ச்சல். 8 மில்லிமீட்டர் சங்கிலிக்கும் 16 மில்லிமீட்டர் சங்கிலிக்கும் விலையில் உள்ள வித்தியாசம் கசக்கத்தான் செய்யும். பாதுகாப்பில் உள்ள வித்தியாசம் நான்கு மடங்கு.

இந்தக் கணக்கில் ஒன்றைக் கவனித்தீர்களா? 10 மில்லிமீட்டர் சங்கிலி, நின்றபடி வெட்டுபவரிடமிருந்து தப்பிக்கிறது. அதே சங்கிலி தரையில் கிடந்தால்? கட்டரின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றிவிட்டு மறு கைப்பிடியின்மேல் உடல் எடை முழுவதையும் போடலாம். 70 கிலோ மனிதர் 700 நியூட்டன்; 40 மடங்கானால் 28,000. சங்கிலி அறுந்தது. தரை எதிர்விசையைக் கொடுக்கிறது, அதுவும் இலவசமாக. சுத்தியலால் அடிப்பதற்கும் தரையே பட்டறைக்கல் ஆகிவிடுகிறது. எனவே சங்கிலியைத் தரையில் தொங்கவிடாதீர்கள். முழங்கால் உயரத்தில், தொய்வில்லாமல் இழுத்துப் பூட்டுங்கள். இதற்கு ஒரு காசும் செலவில்லை. ஆனாலும் எந்த பிளாட்டின் கீழ்த்தளத்தில் நடந்து பார்த்தாலும் பத்துச் சங்கிலியில் பல தரையில்தான் பாம்பாய்ச் சுருண்டு கிடக்கின்றன.

தடிமனுக்கு அடுத்தது கடினம். எஃகை ஏறக்குறைய 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் கரிமம் மிகுந்த சூழலில் வைத்தால் கரிம அணுக்கள் அதன் மேற்பரப்புக்குள் ஊடுருவும். பிறகு திடீரெனக் குளிரவைத்தால் மேல்தோல் மிகக் கடினமாகிவிடும். உள்ளே மட்டும் பழைய மென்மை இருக்கும். இப்படி ஏன் செய்கிறார்கள்? முழுவதும் கடினமாக இருந்தால் சுத்தியல் அடியில் பீங்கான்போல் நொறுங்கும். முழுவதும் மென்மையாக இருந்தால் கட்டர் கடித்துவிடும். தோல் கடினம், உள் மென்மை என்ற கலவைதான் இரண்டையும் தாங்குகிறது. அத்தகைய சங்கிலியைக் கடித்தால் கட்டரின் தாடையே பள்ளம் விழுந்து கெட்டுப்போகும்.

உங்கள் சங்கிலி அப்படிப்பட்டதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். ஓர் இரும்பு அரத்தை எடுத்து ஒரு வளையத்தின் ஓரத்தில் நாலு இழுப்பு இழுங்கள். அரம் பற்றிக்கொண்டு பளபளப்பான கீறல் விழுந்தால் அது மென்னெஃகு. கண்ணாடிமேல் போவதுபோல் அரம் வழுக்கினால் கடினப்படுத்திய எஃகு. கடையில் வாங்கும்முன் செய்தால் கடைக்காரர் கோபித்துக்கொள்ளலாம், கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பேட்டரியில் ஓடும் கிரைண்டர் வந்தபின் இதெல்லாம் வீண் என்று சிலர் சொல்கிறார்கள். 115 மில்லிமீட்டர் தட்டு நிமிடத்துக்கு 11,000 முறை சுழன்றால் அதன் விளிம்பு வேகம் மணிக்கு ஏறக்குறைய 240 கிலோமீட்டர். தட்டில் இருக்கும் அலுமினியம் ஆக்சைடு துகள்கள் எந்த எஃகையும்விடக் கடினமானவை. எனவே அது வெட்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் எஃகுத் துகள்கள் காற்றில் எரிந்து பொறியாகப் பறக்கும். அலறல் கான்கிரீட் சுவர்களில் எதிரொலிக்கும். தடித்த வளையத்தை ஒரு பக்கம் வெட்டினால் போதாது. அது வளைந்து கொடுக்காது என்பதால் மறுபக்கமும் வெட்ட வேண்டும். மறுபடியும் நேரக் கணக்குதான். சந்தடியில்லாத பத்து வினாடி வேலையை, பொறி பறக்கும் சில நிமிட வேலையாக மாற்றிவிட்டால் பலர் அடுத்த மோட்டாரைப் பார்க்கப் போய்விடுவார்கள். அந்த அடுத்த மோட்டார் உங்கள் அண்டை வீட்டுக்காரருடையது என்பது வேறு விஷயம். அதற்கும் வருகிறேன்.

எதோடு கட்டுவது?

சங்கிலியை முன்சக்கரத்தில் மட்டும் கோர்க்காதீர்கள். அச்சைக் கழற்றினால் சக்கரத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கொண்டுபோகலாம். பின்சக்கரத்தையும் சட்டத்தையும் சேர்த்துக் கோர்ப்பதே நல்லது. ஸ்கூட்டர்களில் பிளாஸ்டிக் உறைக்கு அடியில் சட்டம் ஒளிந்திருக்கும். மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டச் சொல்லி இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பின்னால் இருக்கும் கைப்பிடிக் கம்பியில் கோர்ப்பவர்களும் உண்டு. அது இரண்டு, மூன்று திருகாணியில் நிற்கும் கம்பி.

மறுமுனைதான் பிளாட்டில் பெரிய தலைவலி. கட்டடத் தூண் மிகப் பருமன். சுற்றிவரச் சங்கிலி நீளம் போதாது. மாடிப்படிக் கைப்பிடி ஆட்டினால் ஆடும். அங்கே கட்டினால் தீயணைப்பு வழியையும் அடைப்பீர்கள். தண்ணீர்க் குழாயில் கட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். சரியான வழி, தரையிலோ சுவரிலோ எஃகு வளையத்தைப் பதிப்பது. துளைபோட்டு மரையாணியால் முடுக்கிய வளையத்தைச் சாவிமுடுக்கியால் கழற்றிவிடலாம். ஆணியின் தலையை வெல்டிங் செய்தாக வேண்டும். அதைவிட, கான்கிரீட் ஊற்றும்போதே வளைந்த எஃகுக் கம்பியின் கால்களை உள்ளே புதைத்துவிடுவது உறுதியானது. கான்கிரீட் அமுக்கு விசையை நன்றாகத் தாங்கும்; இழுவிசைக்கு வலிமை குறைவு. ஆகவே கம்பியின் கால்கள் ஆழமாகப் போய், உள்ளே மடங்கியிருக்க வேண்டும்.

ஆனால் கீழ்த்தளம் உங்கள் சொந்தச் சொத்து அல்ல. 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி அது பொதுச் சொத்து. அதைப் பராமரிப்பது கூட்டு நிர்வாகக் குழு அல்லது நிர்வாகக் கழகத்தின் பொறுப்பு. அனுமதியின்றி நீங்களே துளைபோட முடியாது. ஆண்டுக் கூட்டத்தில் வர்ணம் பூசுவதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறோமே, அதில் பத்து நிமிடத்தை மோட்டார் நிறுத்துமிடத்தில் ஒரு நீளமான எஃகுக் கம்பி பதிப்பதற்கு ஒதுக்கச் சொல்லுங்கள். ஒரே கம்பியில் இருபது மோட்டார் கட்டலாம். அண்டை வீட்டுக்காரரின் மோட்டாரும் அதில் இருக்கும். தனித்தனியே ஆளுக்கொரு விலையுயர்ந்த சங்கிலி வாங்குவதைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அதுவரை? இரண்டு மோட்டார்களை ஒன்றோடொன்று கட்டுங்கள். 200 கிலோ, அதுவும் இரண்டு திசையில் ஹேண்டல் நீட்டிக்கொண்டிருக்கும் கோணலான 200 கிலோ. வேனுக்குள் ஏற்றுவது லேசல்ல. ஒரே நிபந்தனை, கூட்டாளியின் வேலை நேரம் உங்களுடையதோடு ஒத்துப்போக வேண்டும். பாசார் போரோங்குக்கு இரவு இரண்டு மணிக்குக் கிளம்புபவரோடு கட்டினால் தினமும் கதவு தட்டப்படும்.

சாவி, மழை, அலாரம்

தமிழ்நாட்டில் உறவு உள்ளவர்கள் திண்டுக்கல் பூட்டைக் கண்டிருக்கலாம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில் அது. மாங்காய் வடிவப் பூட்டு அதில் பெயர் பெற்ற ஒன்று. அதற்குள் வரிசையாக நெம்புத் தகடுகள் இருக்கும். சாவி ஒவ்வொரு தகட்டையும் கூடாமல் குறையாமல் தனக்குரிய உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். ஐந்து தகடு, ஒவ்வொன்றுக்கும் ஐந்து உயரம் என்றால் 3,125 வகைச் சாவிகள் சாத்தியம். இதை மூன்று இலக்க எண் பூட்டோடு ஒப்பிடுங்கள். 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள். எண்ணுக்கு ஒரு வினாடி என்றால் 17 நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் முயன்றுவிடலாம். நான்கு இலக்கம் என்றால் இரண்டே முக்கால் மணி நேரம். ஒரே ஓர் இலக்கம் நேரத்தைப் பத்து மடங்காக்குகிறது.

வட்டக் குழாய் வடிவச் சாவியுள்ள பூட்டுகளில் எச்சரிக்கையாக இருங்கள். 2004இல் அமெரிக்காவில் அத்தகைய பூட்டுகள் சிலவற்றை மலிவான பேனாவின் பிளாஸ்டிக் குழாயால் திறந்து காட்டினார்கள். மென்மையான பிளாஸ்டிக், உள்ளேயிருந்த ஊசிகளின் வடிவத்துக்குத் தானே ஒத்துப்போனது. அதன்பின் தயாரிப்பாளர்கள் வடிவமைப்பை மாற்றினாலும், பெயரில்லாத மலிவுப் பூட்டில் உள்ளே என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

நம் ஊர் மழையும் பூட்டின் எதிரி. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்குமேல் கொட்டுகிற இடத்தில் துரு வளையத்தைத் தின்று பரப்பைக் குறைக்கும். சாவித் துவாரம் கீழ்நோக்கி இருக்குமாறு பூட்டினால் தண்ணீர் தேங்காது. உள்ளே எண்ணெய் விட்டால் தூசி ஒட்டிச் சேறாகும். கிராஃபைட் தூள் நல்லது. பென்சில் ஊக்கில் இருக்கும் அதே கிராஃபைட்தான். அதன் அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும்.

அலாரத்தைப் பற்றிப் பத்தாவது மாடிக்காரர் ஒரு கணக்குப் போட வேண்டும். ஒரு மீட்டரில் 110 டெசிபல் அலறும் கருவி, தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் இழக்கும். 30 மீட்டர் மேலே 80. மூடிய சன்னல் இன்னும் 25ஐ விழுங்கினால் 55. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி அளவு. அதோடு, பூனை ஏறினாலும் கத்தும் அலாரத்துக்கு மூன்றாம் நாள் யாரும் எழுந்து பார்ப்பதில்லை. கைத்தொலைபேசிக்குத் தகவல் அனுப்பும் வகை மேல். ஆனால் ஜி.பி.எஸ். கருவிக்கு வானம் தெரிய வேண்டும். கூரையுள்ள கீழ்த்தளத்தில் அது தடுமாறும். எந்நேரமும் 20 மில்லிஆம்பியர் இழுத்தால், 4 ஆம்பியர்-மணி பேட்டரி எட்டு நாளில் முற்றிலும் காலி. தீபாவளிக்கு ஒரு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பினால் மோட்டார் இருக்கும், ஸ்டார்ட் ஆகாது. 2021இல் வந்த ஏர்டேக் போன்ற புளூடூத் வில்லைகள் மலிவு. அருகில் கடந்துபோகும் பிறர் கைத்தொலைபேசிகள் வழியாகவே அவை இடத்தைச் சொல்கின்றன. ஆனால் பிறரைப் பின்தொடர யாரும் அதைப் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காக, தன்னோடு அந்நிய வில்லை ஒன்று வருகிறது என்று எதிராளியின் கைத்தொலைபேசியையும் அது எச்சரிக்கும். திருடனும் எதிராளிதானே.

இவ்வளவுக்குப் பிறகும் மோட்டார் போய்விட்டால்? உங்கள் காப்புறுதிப் பத்திரத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். வெறும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி என்றால் திருட்டுக்கு ஒரு காசும் கிடைக்காது. மூன்றாம் தரப்போடு தீயும் திருட்டும் சேர்ந்தது, அல்லது முழுமையான காப்புறுதி, இந்த இரண்டில் ஒன்று வேண்டும். சட்டிக்கட்டை எண்ணையும் இயந்திர எண்ணையும் படமெடுத்துக் கைத்தொலைபேசியில் வையுங்கள். போலீஸ் புகார் எழுதும்போது தேடிக்கொண்டிருக்க வேண்டாம். வாகனத் திருட்டுக்குக் குற்றவியல் சட்டம் 379ஏ பிரிவின் கீழ் ஓராண்டு முதல் ஏழாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அதனால்தான் திருடியவர்கள் அந்த எண்களை முதலில் ராவி அழிக்கப் பார்க்கிறார்கள்.

ஆனால் எண்ணை அழிப்பது அவர்கள் நினைப்பதுபோல் எளிதல்ல. எண் அச்சைச் சட்டத்தின் எஃகில் ஓங்கி அடித்துப் பதித்தபோது, கண்ணுக்குத் தெரியும் பள்ளம் மட்டும் விழவில்லை. அதற்கு அடியில் இருந்த எஃகுப் படிகங்களும் நசுங்கின. மேற்பரப்பைப் பளபளவென்று ராவினாலும் அந்த நசுங்கிய அடுக்கு அடியில் அப்படியே இருக்கும். தடயவியல் ஆய்வாளர்கள் அந்த இடத்தை மெருகேற்றி, செம்புக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலைத் தடவுகிறார்கள். நசுங்கிய படிகங்கள் மற்றவற்றைவிட வேறு வேகத்தில் அரிக்கப்படுகின்றன. ராவியது மிக ஆழமாகப் போயிருக்காவிட்டால், வெறுமையாக இருந்த எஃகின்மேல் பழைய எண் மெல்ல மெல்லத் தெரிய ஆரம்பிக்கும்.